ஊசித் தலையில் நாலணா

மூன்றாவது கேசட்டும் திரும்பி வந்துவிட்டது. கொண்டுவந்தவர் சாய்நாத் சார். வங்கியில் பெரிய உத்தியோகம், சித்திரகுளத்துப் பக்கம் சொந்த வீடு, அமெரிக்காவில் இருக்கும் தம்பி அனுப்புகிற சவுண்டு பத்திரிகைகளை ஒரு வரி விடாமல் படிக்கிறவர். கேசட்டை மேசைமேல் வைத்தார் என்று சொல்ல முடியாது. இலையில் விழுந்த முடியை ஒதுக்குவதுபோல் இரண்டு விரலால் தள்ளினார்.

“மூர்த்தி, மொதல் ரெண்டு கீர்த்தனை தேவலை. அப்புறம் போகப்போகத் தொண்டைல மணலைப் போட்டுண்டு பாடறாப்ல இருக்கு. கடைசித் தில்லானா இருக்கே, எங்காத்துல எழுந்து போய் நிறுத்திட்டா.”

கணேசமூர்த்தி மனைவியைத் திரும்பிப் பார்த்தார். தங்கபுஷ்பம் கையிலிருந்த ரெக்கார்டு உறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன புஷ்பம், சவுண்டு லெவலக் கூட்டி வச்சிட்டியா?”

அவள் இல்லையென்று தலையாட்டினாள். லெவல் எப்போதும் வைக்கிற இடத்தில்தான் இருந்தது. இதைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். அந்த ஒரு வாக்கியம் நாக்கில் வந்து சேர்வதற்குள் மற்றவர்கள் பத்து வாக்கியம் பேசி முடித்துவிடுவார்கள். அவளுடைய வாழ்க்கை பெரும்பாலும் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

கச்சேரி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் எட்டடிக்குப் பன்னிரண்டடியில் இருந்தது மூர்த்தி ரெக்கார்டிங் சென்டர். சுவர் முழுக்க எல்.பி. ரெக்கார்டுகள். வேண்டிய பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் அறுபது நிமிஷக் கேசட்டிலோ தொண்ணூறு நிமிஷக் கேசட்டிலோ பதிந்து கொடுப்பார்கள். மயிலாப்பூர் வாடிக்கை என்பதால் பாதிப் பேருக்குக் கச்சேரி வேண்டும், மீதிப் பேருக்குப் பழைய சினிமாப் பாட்டு வேண்டும். கடையின் பின்பாதியில் தெருவுக்கு முதுகு காட்டிப் போட்ட ஸ்டூல் ஒன்று, அதற்கு முன்னால் கண்ணாடி மூடி போட்ட, ரெக்கார்டு சுழலும் மிஷின், பக்கத்தில் டேப் டெக். அந்த ஸ்டூல்தான் தங்கபுஷ்பத்தின் இடம்.

அவள் சைதாப்பேட்டையில் பிறந்தவள். அப்பாவுக்கு மளிகைக் கடை. எட்டாம் வகுப்பு அரைப்பரீட்சை லீவில், அக்காவுக்குக் கல்யாணம் ஆகிப் போனதால் கடையில் பொட்டலம் மடிக்க ஆள் இல்லாமல் போயிற்று. லீவு முடியும்வரைதான் என்று அப்பா சொன்னார். அந்த லீவு பிறகு முடியவேயில்லை. கடையில் அவள் பேசமாட்டாள், பார்ப்பாள். யார் பருப்பை முகர்ந்து வாங்குகிறார்கள், யார் தராசு முள்ளைப் பார்க்காததுபோலப் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் தெரியும். பெண் பார்க்க வந்த அன்று கணேசமூர்த்தியின் அம்மா நேராகவே கேட்டாள்: “பிள்ளைக்குப் பேச்சு வருமா, இல்லன்னா இப்பமே சொல்லிருங்க.”

எண்பத்தொன்றில் கடை திறந்தபோது கணேசமூர்த்திதான் பதிவு செய்தார். பதிவு வேலைக்கு ஓடுகிற பாட்டோடு ஆள் உட்கார வேண்டும். முக்கால் மணி நேரப் பாட்டென்றால் முக்கால் மணி நேரம். அவரோ பாட்டை ஓடவிட்டு டீ குடிக்கப் போவார், டீக்கடையில் சொந்த ஊரான தென்காசியிலிருந்து வந்த ஆள் யாராவது அகப்படுவார், இங்கே கேசட் முடிந்து ரெக்கார்டு தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். மூன்றாவது மாதம் மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்த தங்கபுஷ்பம் தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு, கேசட்டைத் திருப்பிப் போட்டு, ஊசியை எடுத்து வைத்தாள். அன்றைக்கு உட்கார்ந்தவள்தான்.

பதின்மூன்று வருஷமாகிவிட்டது. இங்கிலீஷ் எழுத்தை ரெக்கார்டு உறைகளில்தான் முழுசாகக் கற்றுக்கொண்டாள். ராகத்தின் பெயரை லேபிளில் படித்து, பிறகு காதால் கண்டுபிடிக்கப் பழகினாள். இந்த ரெக்கார்டில் இரண்டாவது பாட்டு நடுவே ஒரு ‘டிக்’ வரும், அந்த ரெக்கார்டில் முதல் அரை நிமிஷம் மழை பெய்கிறாற்போல் இருக்கும் என்று ஒவ்வொன்றின் வடுவும் தெரியும். வாடிக்கைக்காரர்கள் வாய் திறந்து கேட்பதில்லை, எழுதிக் கொடுக்கிறார்கள். அவளும் வாயால் பதில் சொல்வதில்லை, கேசட் அட்டையில் குண்டுகுண்டான எழுத்தில் பாட்டின் பெயரை எழுதிக் கொடுக்கிறாள். இவ்வளவு தோதான வேலை தனக்கு உலகத்தில் வேறு எங்கும் கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும்.

அந்த இடத்துக்குத்தான் இப்போது ஆபத்து. கணேசமூர்த்தியின் தங்கை புருஷன் வடபழனியில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தான். ஆறு மாதமாக, வருகிற போதெல்லாம் ஒரே ராகம்: “இன்னும் எத்தன நாளைக்கு மச்சான் இந்த வட்டத் தட்டச் சுத்துவீக? ஊரெல்லாம் போன் பேசுதான்.” மனுவும் அவனே எழுதிப் போட்டான், லைனும் வந்துவிட்டது. விஜயதசமி அன்று பூத் திறப்பதாகப் பேச்சு. பூத்தில் உட்காரப் போவது அவன் மகள் தீபிகா. பிளஸ் டூ முடித்தவள், வாய் ஓயாமல் பேசுவாள். ‘சார் லைன் கிடைக்கல, மறுபடி போடுங்க’ என்றெல்லாம் தங்கபுஷ்பத்தால் சொல்ல முடியுமா? ஆகவே தங்கபுஷ்பம் வீட்டுக்கு. வீட்டில் மாமியார், மாமியாரின் டி.வி., சமையலறை. அங்கே யாரும் எதையும் தாளில் எழுதிக் கொடுத்துக் கேட்கப்போவதில்லை.

“ரெக்கார்டிங் நல்லா ஓடுச்சின்னா நான் எதுக்குப்பா பூத்து வைக்கப் போறேன்?” என்று கணேசமூர்த்தி மச்சானிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது மூன்று கேசட் திரும்பி வந்துவிட்டது.

சாய்நாத் சார் மேசைமேல் கையை ஊன்றிக்கொண்டார். பாடம் நடத்த ஆரம்பிக்கும்போது அவருக்கு அப்படித்தான்.

“மூர்த்தி, மிஷினை மாத்தாதீங்கோ. நல்ல ஜப்பான் மிஷின். கார்ட்ரிட்ஜ், அதான் ஊசியைப் பிடிச்சிண்டிருக்கற கூடு, அதையும் மாத்த வேண்டாம். முனையில ஊசி இருக்கு பாருங்கோ, அது உருண்டை ஊசி. ரெக்கார்டுல பள்ளம் உள்ளே போகப்போக நெருங்கிண்டே வரும். உருண்டை ஊசி அங்கே எடம் கொள்ளாம தடவும். அதான் கடைசிப் பாட்டு கரகரங்கறது. நீள்வட்டமா இழைச்ச ஊசின்னு ஒண்ணு விக்கறா. அதே கார்ட்ரிட்ஜ்ல பழசைப் பிடுங்கிட்டு இதைச் சொருகிட வேண்டியதுதான். ஒடம்பு அதே, மூக்கு மட்டும் புதுசு.”

“மூக்கு என்ன வெல சார் ஆவும்?”

“பூத்தைவிடக் கம்மிதான்.”

கணேசமூர்த்தி யோசித்தார். பிறகு மனைவி பக்கம் திரும்பி, தீர்ப்புச் சொல்கிற குரலில் சொன்னார்: “சரி. இந்த ஊசிதான் கடைசி. இதுலயும் சரிப்படலன்னா பூத்துக்குக் கண்ணாடிக்காரன வரச்சொல்லிருவேன். பொறகு மூஞ்சத் தூக்கி வச்சிக்கிட்டு இருக்கப்பிடாது, கேட்டியா?”

மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால் அவர் என்றைக்காவது கவனித்திருக்கிறாரா என்று தங்கபுஷ்பம் நினைத்துப்பார்த்தாள். இல்லை.

சாய்நாத் சார் போகும்போது மிஷின் பக்கம் ஒரு கும்பிடு போட்டார். மயிலாப்பூர்க்காரர்கள் பலரும் அப்படித்தான் செய்வார்கள். காரணம், ரெக்கார்டின்மேல் நீண்டு ஊசியைத் தாங்கும் கம்பிக் கையின் தலையில் குங்குமமும் சந்தனமும் அப்பிய ஒரு மேடு இருந்தது.

அந்த மேட்டுக்குள் இருந்தது ஒரு நாலணாக் காசு.

கடை திறந்த அன்று, முதல் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது கச்சேரி ரோட்டில் பல்லவன் பஸ் ஒன்று பள்ளத்தில் இறங்கி ஏறியது. தரை அதிர்ந்து ஊசி குதித்தது. அடுத்த பஸ்ஸுக்கும் குதித்தது. மங்கல நாளில் இதென்ன அபசகுனம் என்று வியர்த்துப்போன கணேசமூர்த்தி, கையிலிருந்த முதல் போணிக் காசை, அந்த நாலணாவை, ஊசித் தலையில் வைத்துக் கறுப்பு டேப்பால் சுற்றினார். பிறகு ஊசி குதிக்கவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் பதினோரு பேர் வந்தார்கள். அதோடு அந்த நாலணா கடையின் ராசியாகிவிட்டது. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் அதைத்தான் ஆள்காட்டி விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அதற்குச் சந்தனம், அதன்மேல் குங்குமம். பதின்மூன்று வருஷச் சந்தனம் சேர்ந்து அது சின்ன உளுந்து வடை அளவுக்கு வந்திருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் காசு தெரியாது, சாமி தெரியும்.

புரட்டாசி இரண்டாவது வாரம் புருஷனும் பெண்டாட்டியும் ரேடியோ சாமான் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போனார்கள். கணேசமூர்த்திக்குத் தனியாகப் போகத்தான் விருப்பம். ஆனால் பழைய ஊசியின் நம்பரைப் படிக்க அவருடைய கண் ஒத்துழைக்கவில்லை. மாடிப்படிக்குக் கீழே ஒரு பொந்து மாதிரி கடை. முதலாளி ஷரஃபுதீன், ஒல்லியான மனிதர், கழுத்தில் எப்போதும் தொங்கும் ஒரு பூதக்கண்ணாடி.

“வா நைனா, இன்னா வோணும்?”

“ஊசி. முட்ட ஊசி.”

“முட்டயா?” ஷரஃபுதீன் பழையதை வாங்கிப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். முகம் சுருங்கியது. “இன்னா நைனா இது, ஊசியா ஆணியா? இத்த வெச்சி ரெக்கார்டு போட்டியா, ஏர் ஓட்டினியா?”

“நல்லாத்தான் ஓடிட்டு இருந்திச்சி.”

“ஊசி மேல இன்னா வெயிட்டு வெக்கிற?”

“அதெல்லாம் கம்பெனில வச்சது. நாங்க தொடல.”

தங்கபுஷ்பம் சட்டென்று நிமிர்ந்தாள். நாலணா. அதை எந்தக் கம்பெனி வைத்தது? வாயைத் திறந்தாள். அதற்குள் கணேசமூர்த்தி விலை பேச ஆரம்பித்துவிட்டார்.

ஊசி வந்தது. நகத்தளவு பிளாஸ்டிக், அதில் முடி மாதிரி ஒரு கம்பி, கம்பியின் நுனியில் கண்ணுக்குத் தெரியாத கல். “பூ மாரி வெக்கணும் நைனா. பழசு மாரி நெனச்சிக்காத” என்று ஷரஃபுதீன் சொன்னதைக் கணேசமூர்த்தி கேட்டதாகத் தெரியவில்லை.

கடைக்கு வந்து, கற்பூரம் காட்டி, பழைய மூக்கைப் பிடுங்கிப் புது மூக்கைச் சொருகினார்கள். சாய்நாத் சாரும் வங்கியிலிருந்து சீக்கிரமே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். தங்கபுஷ்பம் அந்தத் தில்லானா ரெக்கார்டை வைத்தாள்.

சகிக்கவில்லை. பழைய ஊசியில் கடைசிப் பாட்டுதான் மோசம். இதில் முதல் பாட்டே கம்பளிக்குள் இருந்து யாரோ பாடுகிறாற்போல் இருந்தது. நடுநடுவே ‘கர்ர்’ என்று ஒரு உரசல்.

“டூப்ளிகேட்டு” என்றார் கணேசமூர்த்தி. “அந்தப் பய தலையில கட்டிட்டான்.”

“இல்ல மூர்த்தி. கார்ட்ரிட்ஜ் சரியா ஒக்காரலை.” சாய்நாத் சார் கண்ணை மூடிக்கொண்டார். “இல்லாட்டா ஒயர். ஆம்ப்ளிஃபயராவும் இருக்கலாம். என் தம்பி ஒரு தடவை எழுதியிருந்தான்…”

தம்பி எழுதியது அரை மணி நேரம் நீண்டது. அதற்குப் பிறகு பூமியின் நிலைமட்டம் பற்றிப் பேச்சு வந்தது. மிஷினின் காலுக்குக் கீழே கேசட் அட்டைகளை மடித்து வைத்துப் பார்த்தார்கள். ஒயரைப் பிடுங்கி மாற்றினார்கள். சமுத்திரக் காற்றின் உப்பு என்றார் ஒருவர். சாந்தோம் பக்கம் வீடு இருக்கிறவனுக்கெல்லாம் ரெக்கார்டே பாடாதா என்றார் மற்றவர். இரண்டு பேரும் ஊசியைக் குனிந்து குனிந்து பார்த்தார்கள். பார்க்கிற ஒவ்வொரு தடவையும் ஊசிக்கு மேலே அரை அங்குலத்தில் அந்தச் சந்தன வடை உட்கார்ந்திருந்தது. அதை ஒருவரும் பார்க்கவில்லை. சாய்நாத் சாரின் நெற்றி ஒரு தடவை அதில் இடித்துவிட்டது. அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

தங்கபுஷ்பம் ஸ்டூலை விட்டுத் தள்ளி, சுவரோரம் நின்றிருந்தாள். பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது.

மறுநாள் மறுபடி ரிச்சி தெரு. கணேசமூர்த்தி கடையை நெருங்கும்போதே சத்தம் போட ஆரம்பித்தார். ஷரஃபுதீன் ஊசியை வாங்கினார், தன்னுடைய மிஷினில் சொருகினார். பிறகு அவர் செய்ததைக் கணேசமூர்த்தி பார்க்கவில்லை. பக்கத்துக் கடைக்காரரிடம் நியாயம் கேட்கத் திரும்பியிருந்தார். தங்கபுஷ்பம் பார்த்தாள்.

கையின் பின்பக்கம் இருக்கும் உருளையை ஷரஃபுதீன் மெதுவாகத் திருகினார். திருகத் திருக, ஊசி இருக்கும் முன்பக்கம் தானாக மேலே வந்து, மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல், காற்றில் படுத்த மாதிரி நின்றது. அப்போது உருளையின் முகப்பில், ஊசியின் அழுத்தத்தைக் காட்டும் எண் வளையத்தை மட்டும் சுழற்றிப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார். பிறகு உருளையையும் வளையத்தையும் சேர்த்துத் திருகி, ஒன்றைத் தாண்டி, இரண்டுக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தினார். அவ்வளவுதான். ஊசியை ரெக்கார்டில் இறக்கினார்.

ஒரு புல்லாங்குழல். வாசிக்கிறவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது.

“இன்னா நைனா, இத்தப்போய் டூப்ளிகேட்டுன்ற? உன் மிஷின்லதான் இன்னாமோ கீது. எத்துகினு வா, பாக்கறேன். இல்லாங்காட்டி, யக்கா, நீ சொல்லு. அங்க ஊசி மேல எதுனா பாரம் கீதா?”

தன்னை ஒருவர் நேராகக் கேட்டுவிட்டார். தங்கபுஷ்பத்துக்குக் காது சூடாகிவிட்டது. “ஒரு…” என்றாள்.

“ஒண்ணும் கிடையாது” என்றார் கணேசமூர்த்தி.

பஸ்ஸில் திரும்பும்போது, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். மனசுக்குள் அண்ணா சாலை முழுக்க ஒத்திகை பார்த்த வாக்கியம். “என்னங்க, அந்த நாலணாவ எடுத்துட்டு ஒருவாட்டி போட்டுப் பாக்கலாமா?”

கணேசமூர்த்தி ஏதோ சுடு தண்ணீர் பட்டவர்போல் திரும்பினார். “எந்த நாலணா? போணிக் காசையா? ஏட்டி, உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? பதிமூணு வருசம் சோறு போட்ட காசு அது. அத எடுத்துட்டு நாளைக்கி ஷட்டரத் தூக்கறதா, இல்ல இழுத்துப் பூட்டறதா?”

முன் சீட்டில் இருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள். தங்கபுஷ்பம் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். ராசிக்காகக் காசை வைத்து, ராசி போய்விடும் என்று காசை எடுக்காமல், கடையையே எடுக்கப் போகிறார். எஸ்.டி.டி. பூத் வந்தபிறகு அந்தக் காசை எங்கே ஒட்டுவார், ரிசீவரிலா? வீடு வரைக்கும் அவளுக்கு ஆறவில்லை. ராத்திரி தோசை வார்க்கும்போது முதல் மூன்றும் கருகின.

கண்ணாடிக்காரனுக்குச் சொல்லியாகிவிட்டது. ஆயுத பூஜைக்கு முந்தைய நாள், புதன்கிழமை சாயங்காலம், அளவெடுத்துச் செய்த கண்ணாடிகளோடு வருவான். அதே புதன்கிழமை நாலு மணிக்கு சாய்நாத் சாரும் வருவதாகச் சொல்லியிருந்தார். கொடுத்த கேசட்டைச் சரியாகத் தராவிட்டால், இனி அந்தப் பக்கமே வருவதில்லை என்று வாயால் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்த விதத்தில் அது தெரிந்தது.

புதன்கிழமை மத்தியானம் கணேசமூர்த்தி பூத்துக்கு மாட்டும் மஞ்சள் போர்டு எடுத்துவர வடபழனிக்குக் கிளம்பினார். “சாய்நாத் சார் வந்தா அந்தப் பழைய ஊசியிலயே போட்டுக் குடுத்து அனுப்பிரு. என்னத்தச் செய்ய.”

அவர் போனபிறகு தங்கபுஷ்பம் ஷட்டரைப் பாதி இறக்கினாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள். எழுந்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். சாமி குற்றம் என்று ஒன்று இருந்தால் அது எப்படியும் தன்மேல்தான் விழும், எடுத்தாலும் விழும், எடுக்காவிட்டாலும் வீட்டில் போய் மாமியாரின் டி.வி.க்கு முன்னால் உட்காரத்தான் போகிறோம் என்று தோன்றியது. அந்த டி.வி.யை நினைத்ததும் கை முன்னால் வந்தது.

சந்தனம் பாறையாக இருந்தது. வெற்றிலைப் பாக்குத் தட்டில் கிடந்த சின்னக் கத்தியால் ஓரத்தை நெம்பினாள். வருஷம் வருஷமாக, அடுக்கடுக்காகப் பெயர்ந்து வந்தது. டேப் பிசுபிசுத்து நூலாக இழுத்தது. கடைசியில் காசு அவள் உள்ளங்கையில் விழுந்தது, கறுத்துப்போய். அதோடு சந்தனக் கட்டியையும் சேர்த்து வைத்துப் பார்த்தாள். அப்பா கடைத் தராசை எத்தனையோ வருஷம் பிடித்த கை. இத்தனையையுமா அந்த முடி மாதிரிக் கம்பி சுமந்துகொண்டிருந்தது!

மண்ணெண்ணெய் தொட்ட துணியால் தலையைத் துடைத்தாள். பின்பக்கத்து உருளையைத் திருகினாள். துருவேறி, முதலில் அசையவில்லை. பிறகு ‘க்ரிக்’ என்றது. ஊசித் தலை மேலே வந்தது, அதிகமாக வந்துவிட்டது. திருப்பித் திருகினாள். இறங்கிவிட்டது. மறுபடி. மறுபடி. கழுத்து வியர்த்தது. ஏழாவதோ எட்டாவதோ தடவை, அந்தக் கை காற்றில் படுத்துக்கொண்டது. மூச்சு விடாமல் வளையத்தைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாள், உருளையோடு சேர்த்து இரண்டுக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தினாள். புது ஊசியைச் சொருகி, தில்லானா ரெக்கார்டை வைத்தாள். முதல் பாட்டில் வைக்கவில்லை. நேராகக் கடைசிப் பாட்டில் வைத்தாள்.

ஊசி இறங்கிய சத்தமே கேட்கவில்லை. தம்பூரா கேட்டது. அந்த ரெக்கார்டில் தம்பூரா உண்டு என்பதே அவளுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. பாடகி ‘ச’வைச் சொன்னாள், கரகரப்பில்லாமல் ‘ச’வாகவே சொன்னாள். நூறு தடவைக்கு மேல் பதிந்த பாட்டு. நடுவில் ஓர் இடத்தில் ஓர் ஆண் குரல் மெல்ல “பேஷ்” என்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிடில்காரராக இருக்க வேண்டும். இத்தனை வருஷமும் இந்த மனிதர் பேஷ் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார், நாலணாவுக்குக் கீழே அமுங்கிப்போய்.

கச்சேரி ரோட்டில் பஸ் வருவது கேட்டது. அதே பள்ளம். தங்கபுஷ்பம் ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். தரை அதிர்ந்தது. அலமாரியில் உறைகள் சலசலத்தன. பாட்டு நிற்கவில்லை.

அப்போதுதான் அவளுக்கு நிஜமாகவே எரிச்சல் வந்தது. அன்றைக்கே இந்த உருளையை இரண்டு திருகு திருகியிருந்தால், பதின்மூன்று வருஷம்! எத்தனை ரெக்கார்டின் கடைசிப் பாட்டைத் தேய்த்துத் தள்ளியிருக்கிறோம்!

நாலு மணிக்கு சாய்நாத் சார் வந்தார். கேசட்டை வாங்கிக்கொண்டு போகாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிவிட்டார். கேசட்டுக் கேட்க வந்த இன்னும் இரண்டு பேர் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் கணேசமூர்த்தி தோளில் மஞ்சள் போர்டோடு வந்தார். பின்னாலேயே மீன்பாடி வண்டியை மிதித்தபடி, கண்ணாடிகளோடு கண்ணாடிக்காரன்.

அவர் நின்று கேட்டார். முகம் மலர்ந்தது. “பாத்தீயளா சார்? புது ஊசின்னா பழகணும். ரெண்டு மூணு நாள் ஆவும்னு நான் சொன்னேன்லா?”

அவர் அப்படிச் சொன்னதே இல்லை. தங்கபுஷ்பம் கூரையைப் பார்த்தாள்.

கணேசமூர்த்தி போர்டைச் சுவரில் சாய்த்துவிட்டு, நன்றியாக ஆள்காட்டி விரலை நீட்டிக்கொண்டு மிஷினிடம் வந்தார். விரல் பாதியில் நின்றது.

“எங்கட்டி?”

கடையில் நாலு பேர். கண்ணாடிக்காரனோடு ஐந்து. தங்கபுஷ்பம் ஸ்டூலைவிட்டு எழுந்தாள். “எடுத்துட்டேன்” என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. “கல்லாப்பெட்டி மூடியில ஒட்டி, குங்குமம் வச்சிருக்கேன். போணிக் காசு இருக்க வேண்டிய இடம் கல்லாதான். ஊசிக்கு அது பாரம்.”

“காசா?” சாய்நாத் சார் கண்ணைத் திறந்தார். “அந்தக் குங்குமத்துக்குள்ள காசா இருந்தது? ஐயையோ மூர்த்தி! நான் ஏதோ பிள்ளையார்னுன்னா கும்பிட்டுண்டிருந்தேன்!” வாசலில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் மட்டும் சட்டென்று முகத்தைச் சரிசெய்துகொண்டு தொடர்ந்தார்: “அப்பவே சொன்னேனோல்லியோ, வெயிட்டுதான் எல்லாம்னு. என் தம்பி அதைப் பத்தி விவரமா எழுதியிருந்தான்.”

அவரும் சொன்னதே இல்லை. தங்கபுஷ்பம் அடுத்த தாளை எடுத்து, அதில் எழுதியிருந்த பாட்டுகளைப் படிக்க ஆரம்பித்தாள்.

கணேசமூர்த்தி கல்லாவைத் திறந்தார். மூடியின் உள்பக்கத்தில் நாலணா இருந்தது, தேய்த்துப் பளபளவென்று. தொட்டார், கண்ணில் ஒற்றிக்கொண்டார். மூடியை மெல்லச் சாத்தினார்.

“அண்ணாச்சி, கண்ணாடிய எங்க நிறுத்தறது?” கண்ணாடிக்காரன் அவசரப்பட்டான். “முழுக் கடைக்குன்னு அளவு குடுத்தீங்க. உள்ள கீற மேசை, ஸ்டூலு எல்லாம் நகத்தணும்.”

கணேசமூர்த்தி ஸ்டூலைப் பார்த்தார். வாசலில் தாளோடு நின்ற இரண்டு பேரைப் பார்த்தார். “முன்மூலையில ஒரு ஆளு நிக்கிற மாரி வைய்யி, போதும். மிச்சத்தத் திருப்பி எடுத்துட்டுப் போ. உள்ள ஒண்ணையும் நகத்தாத.”

“மச்சான் கேட்டா?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

மறுநாள் ஆயுத பூஜை. பொரி, கடலை, வாழைக்கன்று. கணேசமூர்த்தி சந்தனக் கிண்ணத்தோடு ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தார். ஷட்டர், கல்லா, டேப் டெக், புதுசாக வந்த டெலிபோன். பூத்துக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்த தீபிகா, “மாமா, ரிசீவருக்குள்ள போயிரும், வெளிய வைங்க” என்று கத்தினாள். பிறகு அவர் மிஷினிடம் வந்தார். பதின்மூன்று வருஷப் பழக்கம், விரல் நிறையச் சந்தனத்தோடு கை நேராக ஊசித் தலைக்குப் போனது.

தங்கபுஷ்பம் உள்ளங்கையைக் குறுக்கே நீட்டினாள்.

“அங்க வேண்டாம்.”

“ஏட்டி, ஆயுதத்துக்கு வைக்காம பொறகு எதுக்கு வைக்க?”

“மிஷின் மூடில வைங்க.”

அவர் விரலை அந்தரத்தில் பிடித்துக்கொண்டே நின்றார். சந்தனம் நுனியில் காய ஆரம்பித்தது. அவள் கையை எடுக்கவில்லை. கடைசியில் அவர் வாயில் ஏதோ முணுமுணுத்தபடி மிஷினின் கண்ணாடி மூடி ஓரத்தில் ஒரு பொட்டு வைத்தார். பக்கத்தில் இன்னொன்றும் வைக்கப் போனார்.

“ஒண்ணு போதும்” என்றாள் தங்கபுஷ்பம்.